நாற்றங்காலில் தொடங்கிய வெளிநாட்டுப் பயணம்

மகளோ மகனோ வெளிநாட்டில் இருக்கிறார்கள், பேறுகாலம் வருகிறது, அம்மா, அப்பா வந்து மூன்று மாதம் இருக்க வேண்டும். டெல்டாவில் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தப் பேச்சு இருக்கிறது. டிக்கெட் போடுவது பிள்ளைகளுக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் மூன்றரை ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் என்று இருக்கிற ஒரு குடும்பம் 88 நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது அவ்வளவு லேசான காரியமா?

மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்துத் தம்பதி அதைச் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவருக்கு 61 வயது, அவருடைய மனைவிக்கு 56. இருவருமே அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. மகள் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தில் இருக்கிறார். இவர்கள் பயணத்துக்குத் திட்டம் போட்ட விதம், போகப்போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

ரகத்தை மாற்றினார்

ஆடி மாதக் கடைசியில் மகள் போன் செய்தார். மார்ச் 20 என்று மருத்துவர் நாள் குறித்திருக்கிறார். "பொங்கல் முடிஞ்ச கையோட வந்துடுங்கப்பா. ஆறு மாசம் இருந்துட்டுப் போகலாம்" என்றார்.

பொங்கல் என்பது டெல்டாக்காரருக்குச் சம்பா கதிர் பழுக்கிற நேரம். இவர் வழக்கமாகப் போடுவது சி.ஆர். 1009. வயது கிட்டத்தட்ட 160 நாள். செப்டம்பர் 10 வாக்கில் விதைவிட்டால் பிப்ரவரி 17 ஆகிவிடும் அறுவடைக்கு. நடுவில் ஒரு மழை வந்து அறுவடை இயந்திரம் இறங்க முடியாமல் போனால் அதுவும் தள்ளும். அதற்குப் பிறகு கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பு, பிறகு பணம் கணக்கில் ஏறுவது.

குழந்தை குறித்த நாளில்தான் பிறக்கும் என்பதில்லை. 37 வாரம் முடிந்தாலே எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். மார்ச் 20ல் இருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 27. அதையொட்டி அங்கே போய் இறங்கியிருக்க வேண்டும். 17ஆம் தேதி அறுத்து, 27க்குள் விற்று, பணம் பார்த்து, பெட்டி கட்டுவது நடக்காது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

அதனால் அந்த ஆண்டு சி.ஆர். 1009 இல்லை. 135 நாள் வயதுள்ள ஏ.டி.டி. 46 விதை வாங்கி ஆவணிக் கடைசியில் நாற்றங்கால் போட்டார். கணக்குப்படி அறுவடை ஜனவரி 23. மழையோ இயந்திரத் தட்டுப்பாடோ வந்தாலும் மூன்று, நான்கு வாரம் கையில் இருக்கும். உண்மையிலேயே மழை வந்தது. தை 18ஆம் தேதிதான் அறுக்க முடிந்தது. பழைய ரகமாக இருந்திருந்தால் அம்மாவை மட்டும் தனியாக அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த யோசனையும் நடுவில் வராமல் இல்லை. மருமகன்தான் சொன்னார், "அத்தை முன்னாடி வரட்டும் மாமா, நீங்க அறுப்பு முடிச்சுட்டு வாங்க." வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்தால் விமான நிலையத்தில் ஆளே கூட வந்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். நடக்க முடியாதவர்களுக்கான வசதி அது என்றாலும், மொழி தெரியாமல் தனியாகப் போகும் பெரியவர்கள் பலர் இதை நம்பித்தான் போகிறார்கள். ஆனால் அந்த அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "ஏங்க, மாயவரத்துக்கே நான் தனியா பஸ் ஏறுனது கெடையாது."

88 நாள் எப்படி வந்தது?

ஆறு மாதம் என்றது மகள். போய் மூன்று வாரத்தில் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்தது அப்பா. கடைசியில் 88 நாள் என்று முடிவானதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது விசா. ஆஸ்திரேலியாவின் பார்வையாளர் விசாவில் மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று தங்கும் காலம் குறிக்கப்படும். நாம் கேட்பதே கிடைக்கும் என்பதில்லை. இவர்களுக்கு வந்தது மூன்று மாதம். விசாக் கடிதத்தில் 8503 என்று ஒரு நிபந்தனை எண் இருந்தால், அங்கே போன பிறகு பெரும்பாலும் வேறு விசா கேட்டு நீட்டித்துத் தங்க முடியாது. இவர்கள் கடிதத்தில் அது இருந்தது. கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிகளைத்தான். அதற்கு முன்பே திரும்பும் டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு தேதி மாற்றப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது மாத்திரை. அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு மாத்திரைதான் கையில் கொண்டுபோகலாம். ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போடாமல் அட்டையோடு, பெட்டியோடு வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது மேட்டூர். ஜூன் 12ல் அணை திறப்பது வழக்கம். இவருக்குப் பம்புசெட் இல்லை, ஆற்றுத் தண்ணீர்தான். திறந்தாலும் திறக்காவிட்டாலும் வைகாசி பாதியில் வயலில் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆக, பிப்ரவரி 28 இரவு கிளம்பி மே 26 திரும்புவது. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகவே மருமகன் போட்டார். கொஞ்சம் விலை கூடுதல். பிரசவத்துக்குப் போகிறவர்கள் அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

திருச்சியில் இருந்து சிங்கப்பூர் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து மெல்போர்ன் ஏழரை மணி நேரம். சென்னைக்குப் போய் ஏற வேண்டியதில்லை என்பது டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–மெல்போர்ன் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் சில சமயம் விலை குறையும். ஆனால் அப்படிப் போட்டால் பெட்டி நேராக மெல்போர்ன் போகாமல் போகலாம். சிங்கப்பூரில் இறங்கி, குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து மறுபடியும் போட வேண்டும். வெளியே வர சிங்கப்பூர் விசா தேவைப்படலாம். அது இல்லாத பெரியவர்கள் அங்கே தவித்துப்போவார்கள். முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்தால் திருச்சியில் போட்ட பெட்டியை மெல்போர்னில் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் மூன்று, நான்கு மணி நேர இடைவெளி இருப்பது நல்லது. ஒரு மணி நேர இடைவெளி இளைஞர்களுக்குச் சரி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

பாஸ்போர்ட் எடுப்பதையும் ஆவணியிலேயே தொடங்கிவிட்டார்கள். நல்ல வேளை. அம்மாவின் பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஓடியது. பத்தாம் வகுப்பு தேறாததால் 'குடிபெயர்வு அனுமதி' முத்திரை விழுமோ என்று ஊரில் ஒருவர் பயமுறுத்தினார். அந்த அனுமதி குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். 50 வயது தாண்டியவர்களுக்கு அந்த முத்திரையே கிடையாது. விசா விண்ணப்பத்தை மகளே இணையத்தில் போட்டுவிட்டார். வங்கிக் கணக்கு விவரம், மகளின் அழைப்புக் கடிதம் ஆகியவற்றோடு சிட்டா, அடங்கல் நகலையும் மொழிபெயர்த்துச் சேர்த்தார்கள். ஊரில் நிலம் இருக்கிறது, திரும்பி வருவார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

பயணக் காப்பீடு கட்டாயம் எடுக்க வேண்டும். அந்த நாட்டு அரசு மருத்துவத் திட்டம் இந்தியாவில் இருந்து போகும் பார்வையாளர்களுக்குப் பொருந்தாது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு போக வெள்ளாமை போய்விடும். சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்லி எடுத்தார்கள். மறைத்தால் பிறகு பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்க இடம் உண்டு.

இன்னொன்று, கக்குவான் இருமல் தடுப்பூசி. பச்சிளம் குழந்தையைத் தூக்கப்போகும் தாத்தா, பாட்டிக்கு இதைப் போட்டுக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். இருவரும் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொண்டார்கள்.

மாடும் கடனும் உளுந்தும்

இரண்டு மாட்டில் ஒன்று கறவையில் இருந்தது. இன்னொன்று சினை. ஆடி பாதியில் சினை ஊசி போட்டது. 280 நாள் கணக்கில் மே 8 வாக்கில் கன்று போட வேண்டும். மகளுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள் என்று காலண்டரில் இரண்டு வட்டம் போட்டு வைத்திருந்தார் அவர். இரண்டையும் விற்றுவிட்டுப் போ என்று சொன்னவர்கள்தான் அதிகம். "கன்னு போடப்போற மாட்டையா விக்கச் சொல்றீங்க?" என்று அந்த அம்மா அதற்கும் மறுத்துவிட்டார்.

தம்பியும் தம்பி மனைவியும் பொறுப்பேற்றார்கள். கறவை மாட்டின் பால் முழுவதும் அவர்களுக்கு. தீவனம், பிண்ணாக்கு அவர்கள் செலவு. சினை மாட்டுக்கு மார்ச் முதல் வாரத்தில் பால் வற்றும்படி செய்தாகிவிட்டது. அதன் தீவனத்துக்கும் கன்று போடும்போது வரும் வைத்தியச் செலவுக்கும் தனியாகப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். கோமாரி தடுப்பூசி போட்ட தேதி, சினை ஊசி போட்ட தேதி, கால்நடை உதவி மருத்துவர் எண், காப்பீட்டுக் காது வில்லை எண் எல்லாம் ஒரு நோட்டில். அண்ணன் தம்பி என்றாலும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வைத்தது பின்னால் சச்சரவு வராமல் காப்பாற்றியது.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு வயலில் ஏ.டி.டி. 3 உளுந்து தெளித்தார். அது முற்றும்போது அவர் மெல்போர்னில் இருப்பார். தெளிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பறிப்புக் கூலி போகப் பாதிக்குப் பாதி என்று தம்பியிடமே விட்டார். அறுவடை இயந்திரத்தின் தடத்தில் பாதி முளை நசுங்கியது வேறு கதை.

பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால்தான் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. தவணை தேதி ஏப்ரலில் வந்தது. நெல் பணம் ஏறியதும் மாசி முதல் வாரத்திலேயே கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார். நகைக்கடன் இருப்பவர்கள் அந்தத் தேதியையும் பார்க்க வேண்டும். ஏலக் கடிதம் பூட்டிய வீட்டுக்கு வந்தால் யார் பிரிப்பது?

போன் எண் விஷயம் பலருக்கு மறந்துபோகிறது. வங்கி, பி.எம். கிசான் என எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங் வசதியைத் திறந்துவிட்டு, திரும்பும் நாள் வரை சிம் உயிரோடு இருக்கும்படி ரீசார்ஜ் செய்ய வேண்டும். குறுஞ்செய்தி வருவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. டேட்டாவை மட்டும் அணைத்து வைக்க வேண்டும்.

பையில் எதை வைக்கக் கூடாது?

பெட்டி கட்டும்போதுதான் வீட்டில் பெரிய சண்டை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்திய மருந்து, வீட்டு மிளகாய், மல்லி, பயறு, சொந்த வயல் அரிசி, பால்கோவா, ஒரு கட்டு கறிவேப்பிலை. எல்லாம் அந்த அம்மா எடுத்து வைத்திருந்தார்.

மகள் போனிலேயே பாதியை வெளியே எடுக்கச் சொன்னார். காரணம் தெரிந்தால் விவசாயிகள் கோபப்பட மாட்டார்கள். தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு நம் கிடங்குகளில் சாதாரணம். ஆஸ்திரேலியாவில் அது நிலைகொள்ளவில்லை. அதனால் 2020 முதல் அரிசி, கோதுமை, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் போன்றவற்றைப் பயணிகள் பையில் கொண்டுவரத் தடை. கறிவேப்பிலையில் தங்கும் சில்லா பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமையாதல் நோயைப் பரப்பும். அந்த நோயும் அங்கே இல்லை. கோமாரி கடைசியாக அங்கே வந்தது 1872ல். நம் நாட்டில் அந்த நோய் இருப்பதால் நம் பால் பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். மளிகைக்குக் கவலையே இல்லை. மெல்போர்னின் டான்டினாங் பகுதிக் கடைகளில் இட்லி அரிசி முதல் எல்லாம் கிடைக்கிறது.

விமானத்தில் கொடுக்கும் அட்டையில் ஒரு கேள்வி உண்டு. கடந்த 30 நாளில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளின் அருகிலோ போனீர்களா? கிளம்புகிற அன்று காலைகூடப் பால் கறந்தவர்கள் இவர்கள். "ஆமான்னு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்களா?" என்று பயந்தார் அம்மா. இல்லை. ஆமாம் என்று போட்டால் செருப்பைப் பார்ப்பார்கள், மண் இருந்தால் சுத்தம் செய்வார்கள். மறைத்து மாட்டினால்தான் அபராதம், விசாவே ரத்தாகலாம். வயலுக்குப் போட்ட செருப்பை வீட்டில் விட்டுவிட்டு, மண்படாத புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனார்கள். மகள் நிரப்பி அனுப்பிய மாதிரி அட்டையைப் பார்த்து எழுதி, எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார்கள். பத்திய மருந்துப் பொட்டலத்தை மட்டும் அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டார். அபராதம் எதுவும் இல்லை.

அங்கே போய்

முதல் நாற்பது நாளுக்கு எந்தத் திட்டமும் கிடையாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். நல்ல முடிவு. ஊர் சுற்றும் பட்டியலோடு போய், கைக்குழந்தையோடு அலைந்து எல்லோரும் சோர்ந்துபோன வீடுகள் உண்டு. குழந்தை மார்ச் 11ஆம் தேதியே பிறந்துவிட்டது, பெண். இவர்கள் போய்ச் சேர்ந்து பத்தே நாள்.

ஊருக்குப் பேசும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தார்கள். மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் பிறகு நாலரை மணி நேரம். தம்பி மாலையில் கூப்பிட்டால் அங்கே நடுராத்திரி. அதனால் காலை ஏழு மணிக்கு, பால் கறந்த கையோடு கூப்பிடுவது என்று ஏற்பாடு.

அப்பாவுக்காக மருமகன் இரண்டே இரண்டு பயணம் வைத்திருந்தார். ஒன்று, நகரத்துக்குத் தென்மேற்கே முப்பது கிலோமீட்டரில் உள்ள வெரிபி சவுத் என்ற காய்கறிப் பகுதி. கண்ணுக்கு எட்டிய வரை புரோக்கோலியும் காலிஃபிளவரும். இன்னொன்று ஏப்ரல் கடைசியில் டெனிலிக்வின். மெல்போர்னுக்கு வடக்கே காரில் மூன்றரை மணி நேரம். மாமனும் மருமகனும் மட்டும் போய் ஓர் இரவு தங்கினார்கள். வழியில் எச்சுக்காவில் மர்ரே ஆறு. சுமார் 2,500 கிலோமீட்டர் நீளம். காவிரியைப்போல மூன்று மடங்கு.

டெனிலிக்வின் நெல் ஊர். பெரிய அரிசி ஆலை இருக்கிறது. அக்டோபர் வாக்கில் விதைத்து மார்ச் முதல் மே வரை அறுக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு போகம்தான். முளைகட்டிய விதையைத் தண்ணீர் நிற்கும் வயலில் விமானத்தில் இருந்து தூவுவதும் உண்டு. எக்டேருக்குச் சராசரியாகப் பத்து டன், அதாவது ஏக்கருக்கு நாலு டன். "நாலு டன்னா மாப்ள?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

ஆனால் அவர் ஊருக்கு வந்து அதிகம் பேசுவது விளைச்சலைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. அங்கே நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. அணையில் இருப்பைப் பார்த்து, இந்த ஆண்டு உங்கள் உரிமையில் இத்தனை சதவீதம் என்று அறிவிப்பார்கள். வறட்சியில் அது சுழியம் வரை இறங்கியதும் உண்டு. கிடைத்த தண்ணீரில் நெல் போடலாம். லாபம் இல்லை என்று தோன்றினால் அந்த ஆண்டுத் தண்ணீரை இன்னொரு விவசாயிக்கு விற்றுவிடலாம். "தண்ணிய விக்கிறதா!" என்று ஊரில் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஒரு எண் சொல்கிறார்களே, அது நமக்கு இல்லையே என்பது அவர் ஆதங்கம்.

பண்ணைக்குள் இறங்கிப் பார்க்க அவருக்கு ஆசைதான். ஒவ்வொரு வாசலிலும் அனுமதி இல்லாமல் வரக் கூடாது என்ற நோய்த்தடுப்புப் பலகை. சாலையோரம் நின்று அறுத்த தாளைத்தான் தொட்டுப் பார்த்தார். முன்பே கேட்டு அனுமதி வாங்கியிருக்கலாம். அதைத் திட்டத்தில் சேர்க்க மறந்ததுதான் ஒரே குறை என்கிறார் மருமகன்.

மே மாதம் அங்கே குளிர் தொடங்கிவிடும். பகலிலேயே 17 டிகிரி. ஸ்வெட்டர் எடுத்துப்போகாமல் அங்கே வாங்கியது ஒரு வீண் செலவு. நம் சித்திரை அங்கே இலையுதிர் காலம் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

மாடு மே 6ஆம் தேதி காலையில் கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழத் தாமதமானதால் மருத்துவரைக் கூப்பிட வேண்டி வந்தது. நோட்டில் எண் இருந்தது, பணமும் இருந்தது. தம்பி போனைத் தொழுவத்தில் தூணில் சாய்த்து வைத்துவிட்டார். கையில் பேத்தியை வைத்துக்கொண்டு அந்த அம்மா அங்கிருந்து, "வெந்நீர் காட்டு, வெந்நீர் காட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிடாரிக் கன்று. உளுந்து மட்டும் ஏப்ரல் மழையில் நனைந்து, ஏக்கருக்கு ஒன்றரை மூட்டைதான் தேறியது.

மகள் கடைசி வாரத்தில் அழுதார். இன்னும் ஒரு மாதம் இருக்க முடியாதா என்று கேட்டார். விசாவில் ஆறு நாள்தான் மிச்சம் இருந்தது. மே 26 காலை திருச்சியில் இறங்கியவர்கள், மதியம் மன்னார்குடி பேருந்து நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். அவர் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் போனார். தூர் எடுத்திருந்தார்கள். அந்த அம்மா தொழுவத்துக்குப் போனார். மாடு அடையாளம் கண்டுகொண்டது. கன்றுதான் கிட்ட வர மறுத்தது.